சீட்டு விழாதவர்கள்

"ஏழை மாணவர்களுக்கு ஒரு உதவித் திட்டம். சேர்ந்த 100 பேரில் 40 பேர் பட்டம் வாங்கிவிட்டார்கள். திட்டம் ஜெயித்துவிட்டது என்று சொல்லலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்த 40ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றுமே சொல்ல முடியாது.

நிஜமாகவே இப்படி ஒரு 40 இருக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில், அதாவது இரண்டாண்டுப் பட்டம் தரும் கல்லூரிகளில், 2007இல் ஏ.எஸ்.ஏ.பி. என்ற திட்டத்தைத் தொடங்கியது. கல்விக் கட்டணத்தில் உதவித்தொகை போக விழும் துண்டை அவர்களே அடைப்பார்கள், பாடப்புத்தகம் இலவசம், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அப்போது மெட்ரோகார்டு என்ற பயண அட்டை, அப்புறம் அடிக்கடி கூப்பிட்டுப் பேச ஒரு ஆலோசகர். வழக்கமாக ஒரு ஆலோசகர் தலையில் 600 மாணவர்களுக்கு மேல் கட்டியிருந்தார்கள், இங்கே அப்போது 60லிருந்து 80 பேர்தான். பதிலுக்கு மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், இப்படி ஒரு திட்டத்தைத் தேடி வந்து சேருகிறவர் எப்படியாவது படித்தே தீருவேன் என்று இருப்பவராகவும் இருக்கலாம். அவரைச் சேராதவரோடு ஒப்பிட்டால் ஜெயித்தது திட்டமா, அவருடைய பிடிவாதமா? பரீட்சைக்கு முன்னால் கையில் மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டவன் பாஸானால் கயிற்றுக்குப் பேர் வந்துவிடுகிறது, கட்டாமல் பாஸானவனையும் கட்டியும் ஃபெயிலானவனையும் யார் எண்ணுகிறார்கள்? பிடிவாதத்தை அளக்க அளவுகோலும் கிடையாது.

அளக்கவே வேண்டாம் என்பதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 2010இல் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் மூன்று கல்லூரிகளில் 896 மாணவர்களைச் சேர்த்தது. எல்லோரும் குறைந்த வருமானக் குடும்பம், எல்லோரும் கணக்கிலோ ஆங்கிலத்திலோ அடிப்படைப் பாடம் படிக்க வேண்டிய நிலை. யாருக்குத் திட்டம் என்பதைக் குலுக்கலில் விட்டார்கள். சீட்டுக்குக் கண் கிடையாது. பிடிவாதக்காரர், சோம்பேறி, வீட்டில் நோயாளி இருப்பவர், காதலில் விழப்போகிறவர் எல்லோரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் போய் விழுவார்கள். நாம் பட்டியலில் எழுத மறந்த குணங்கள்கூட! மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் திட்டத்தில் இருந்தவர்களில் 40.1 சதவீதம் பட்டம் பெற்றிருந்தார்கள், சீட்டு விழாதவர்களில் 21.8. அந்த 21.8 எப்படியும் தேறியிருக்கக்கூடிய கூட்டம், திட்டத்தின் சொந்தச் சம்பாத்தியம் மீதி 18 தான்.

சரி, குலுக்கலே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்? 896 அட்டை எடுத்து, பட்டம் வாங்கிய சுமார் 280 பேரின் அட்டையில் மட்டும் புள்ளி வைத்து, நன்றாகக் கலைத்து இரண்டு கட்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டிலும் 140ஐ ஒட்டித்தான் புள்ளி வரும். நிஜத்தில் வந்தது கிட்டத்தட்ட 180க்கு 100. வெறும் கலைப்பில் இப்படி வர, பத்து லட்சம் தடவை கலைத்தாலும் வாய்ப்பு மிகக் குறைவு. இன்னொரு கறார் விதியும் உண்டு: சீட்டு விழுந்தும் எட்டிப் பார்க்காதவரையும் திட்டத்தின் கணக்கிலேயே எழுத வேண்டும். அவரைக் கழித்தால் பழையபடி பிடிவாதக்காரர்கள் மட்டும் மிஞ்சி, குலுக்கின குலுக்கல் வீணாகிவிடும்.

செலவு மூன்று வருடத்தில் தலைக்கு சுமார் 16,300 டாலர் கூடுதல், அதாவது 60 சதவீதத்துக்கு மேல். ஆனால் பட்டம் வாங்கியவர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பட்டத்துக்கான செலவு 11 சதவீதம் குறைவு! இதைக் கண்டுபிடிக்க ஆன ஆய்வுச் செலவை வீண் என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது, மதிப்பிடாமல் வருடக்கணக்கில் திட்டம் நடத்துவதுதான் ஊதாரித்தனம். ஒஹையோவில் மூன்று கல்லூரிகளில் திரும்பச் செய்து பார்த்தபோதும் 35 சதவீதத்துக்கு 19 சதவீதம் என்று வந்தது.

இத்தனையிலும் எது வேலை செய்தது, பணமா, மெட்ரோகார்டா, ஆலோசகரா? மொத்தமாகக் கொடுத்த திட்டத்தை இந்தக் குலுக்கல் பிரித்துக் காட்டாது. டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் 2013இல் தொடங்கிய வேறொரு சோதனையில் மூன்று குழுவாகக் குலுக்கினார்கள்: ஒன்றுக்குச் சமூகப் பணியாளரும் அவசரப் பணமும், இன்னொன்றுக்குப் பணம் மட்டும், மூன்றாவதற்கு வழக்கமானதே. முதல் குழுவில், அதிலும் பெண்களிடம், பலன் தெரிந்தது. பணம் மட்டும் கிடைத்த குழு ஒன்றும் கிடைக்காத குழுவைப் போலவேதான் இருந்தது.