ஒரே பேனாவில் எழுதிய சுகர் நோட்டு

வீட்டில் பார்த்த சர்க்கரை அளவுகளை எழுதிய சுகர் நோட்டை நோயாளி என் மேஜையில் வைத்ததும் நான் எண்களைப் பார்ப்பதில்லை, மையைப் பார்ப்பேன். மூன்று மாதக் காலை அளவுகளும் ஒரே நீலத்தில், ஒரே சாய்வில், தாளில் ஒரு காபிக் கறைகூட இல்லாமல் இருந்தால், அது முந்தின இரவு உட்கார்ந்து எழுதிய நோட்டு. 110, 115, 108 என்று எண்கள் சமர்த்தாக இருக்கும். கூடவே வந்த எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை மட்டும் 9-ஐத் தாண்டி நிற்கும். ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அது அளக்கிறது; அந்த அணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், கடந்த இரண்டு மூன்று மாதம் சர்க்கரை எப்படி இருந்தது என்பதை அந்தப் பரிசோதனை சொல்லிவிடுகிறது.

இதற்காக நான் யாரையும் திட்டுவதில்லை. பயிற்சிக் காலத்தில் திட்டியிருக்கிறேன். அடுத்த முறை பேனாவை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டு வந்தார்கள். அளவுகளைத் தானே சேமித்துவைக்கும் மீட்டரை, அந்த விஷயத்தைச் சொல்லாமல் நோயாளிகளிடம் கொடுத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது, 1984-இல் வெளியானது. கைப்பட எழுதியதும் மீட்டரில் பதிந்ததும் பலருக்கு ஒத்துப்போகவில்லை; நோட்டில் இருந்த எண்கள்தான் அழகாக இருந்தன. ஆக, இது நம்மூர்ப் பழக்கம் மட்டும் அல்ல. தப்பைக் கண்டுபிடிக்கத்தான் கேட்கிறார்கள் என்று தோன்றினால், யாராக இருந்தாலும் நல்ல எண்ணைத்தான் காட்டுவார்கள்.

இப்போது நோட்டின் இடத்தில் ஆப், ஸ்மார்ட் வாட்ச், ரிமைண்டர். பேனா மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு தாத்தா வாட்சைப் பேரன் கையில் கட்டிவிட்டு டிவி பார்த்தார். அன்றைக்கு அவர் கணக்கில் 14,000 காலடி. சிரிக்கும் தகுதி எனக்கும் இல்லை. இரவு பதினொன்றரைக்கு 9,400-ஐப் பத்தாயிரமாக்க ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்திருக்கிறேன். அந்தப் பத்தாயிரமே ஆய்வுக்கூடத்தில் பிறந்த எண் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருடம், 1965-இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் 'மான்போ-கெய்'. பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள். சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களைக் கவனித்த 2019 ஆய்வில், தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. அதனால் 3,000 அடி நடக்கும் பாட்டியிடம் நான் 4,000 கேட்கிறேன்.

ஆப்களில் எனக்குப் பிடிக்காதது, விடாமல் செய்த நாள்களை எண்ணிக் காட்டும் 'ஸ்ட்ரீக்'. நாற்பது நாள் தொடர்ந்து வாக்கிங் போனவர், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் ஒரு நாள் விட்டார். ஆப் பூஜ்யத்தைக் காட்டியது. மறுநாளிலிருந்து செருப்பைத் தொடவில்லை. "எல்லாம் போச்சு டாக்டரம்மா" என்றார். எதுவும் போகவில்லை. பழக்கம் படிவதைப் பற்றி 96 பேரை வைத்து லண்டனில் செய்து 2010-இல் அச்சான ஆய்வில், ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. பழக்கம் படிய ஆகும் காலமும் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். 21 நாளில் எல்லாம் மாறும் என்று சொல்லும் வீடியோக்களை எனக்கு அனுப்பாதீர்கள்.

ரிமைண்டர் ஒரு வாரம் வேலை செய்யும். பிறகு விரல் தானாகவே அதைத் தள்ளிவிடும், கண்ணுக்குக்கூடத் தெரியாது. மணியைவிட ஏற்கெனவே செய்கிற வேலையோடு முடிச்சுப் போடுவது நல்லது: காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பு, பல் தேய்த்ததும் மாத்திரை. 'இது நடந்ததும் அது' என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் சொன்னதைச் செய்வது அதிகம் என்று ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலேயே எழுதியிருக்கிறார்.

அப்புறம், நோட்டைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். இருபது பேர் உள்ள வாட்ஸ்அப் குரூப் ஆகாது; அங்கே கட்டைவிரல் மட்டும்தான் வரும். வீட்டுக்காரரையும் வீட்டுக்காரம்மாவையும் நியமிக்காதீர்கள், இரண்டே வாரத்தில் சாம்பாரிலிருந்து சண்டை ஆரம்பிக்கும். கூட நடக்கிறவர், ஆபீஸ் நண்பர், தங்கை என்று யாராவது ஒருவர் போதும். ஞாயிறு மாலை அந்த வாரப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள். அவர் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம், காலியான கட்டத்தைக் காட்டி "இங்க என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்கட்டும். நோட்டில் நான் போடச் சொல்லும் ஒரே கூடுதல் கட்டம் அதற்குத்தான்: ஏன் விட்டது என்று இரண்டு வார்த்தை.

போன மாதம் ஒரு மளிகைக்கடைக்காரர் அப்படி ஒரு நோட்டு கொண்டுவந்தார். எண்ணெய்க் கறை, பாதி பென்சில், பாதி பேனா. செவ்வாய்க்கிழமை எல்லாம் காலி, எதிரே "லோடு" என்று ஒரே வார்த்தை. சரக்கு வரும் நாளாம். விடிகாலை நாலரைக்கே கடைக்குக் கிளம்பிவிடுவார். டெஸ்ட்டோடு மாத்திரையும் விட்டுப்போகும், சாப்பாடு பதினொரு மணிக்கு. ஆறு வருடமாக என்னிடம் வருகிறவர். செவ்வாய்க்கிழமையைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் தடவை பேசினோம்.