சொல் விளக்கம்: நுண்ணறிவா, தெரிவா?

ஏற்காட்டில் ஒரு சனிக்கிழமை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் கரும்பலகையில் ‘பன்முக நுண்ணறிவு’ என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். அறிவு ஒன்றல்ல, பல வகை என்கிற உளவியல் கொள்கைக்குப் பாடநூல் வைத்த பெயர் அது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த இளம் ஆசிரியர் ஒருவர் எழுந்தார். “ஏனுங்க சார், நுண்ணறிவுன்னா போலீஸ்ல ஒரு பிரிவு இருக்குதுங்களே, அதுங்களா?”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. செய்தித்தாள் படிக்கிறவர் கண்ணில் அந்தச் சொல் அதிகம் படுவது ‘நுண்ணறிவுப் பிரிவு போலீசார்’ என்கிற வடிவத்தில்தான். இப்போது ‘செயற்கை நுண்ணறிவு’ வேறு சேர்ந்துகொண்டது. வேவு பார்க்கிறவர், கணினி, நாலாம் வகுப்புப் பிள்ளை ஆகிய மூவருக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘இன்டெலிஜென்ஸ்’ என்பதால் வந்தது. வேவுக்குத் தமிழில் ‘ஒற்று’ இருந்தது. குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே உண்டு. சொல்லுக்குச் சொல் வைத்துப் பெயர்த்ததில் அது ஓரமாகப் போய்விட்டது.

அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. அதனால்தான் இந்த விளக்கம்.

நுண் + அறிவு என்று பிரித்தாலே பாதி விளங்கிவிடும். நுண்மணல், நுண்ணிழை, நுணுக்கம் எல்லாவற்றிலும் இருக்கும் ‘நுண்’தான் இதிலும் இருக்கிறது: பொடியது, மெல்லியது, சட்டென்று பிடிபடாதது. வள்ளுவர் ‘நுண்மாண் நுழைபுலம்’ என்கிறார் (குறள் 407). பொருளுக்குள் நுழைந்து பார்க்கும் நுட்பமான, மாண்புடைய அறிவு. அது இல்லாதவனின் அழகு, மண்ணால் செய்து புனைந்த பாவையின் அழகு என்று முடித்துவிடுகிறார். மதிநுட்பம் என்ற சொல்லும் அவரிடம் உண்டு. ‘மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு’ என்று தொடங்கும் 636ஆம் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், மதிநுட்பம் இயற்கை அறிவு, நூல் என்பது கற்று வந்த செயற்கை அறிவு என்று பிரித்துக் காட்டுகிறார். படித்து வருவது வேறு, பிறவியில் அமைந்தது வேறு என்ற எண்ணம் நமக்கு ஐரோப்பாவிலிருந்து வந்ததல்ல.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் நுண்ணறிவு ஒரு பாராட்டுச் சொல். நுட்பம் இருப்பவரைத்தான் அப்படிச் சொல்வோம். உளவியலில் இன்டெலிஜென்ஸ் பாராட்டு இல்லை. உயரம், எடை மாதிரி ஓர் அளவு. எல்லாருக்கும் உண்டு, கூடக் குறைய. கல்வியியல் பாடநூல்களில் ‘நுண்ணறிவு குறைந்த மாணவன்’ என்று படிக்கும்போதெல்லாம் ‘தடித்த நுண்ணிழை’ என்று படித்த மாதிரி எனக்கு இடறும்.

இன்டெலிஜென்ஸின் பூர்வீகம் லத்தீன். ‘இன்டெர்’ என்றால் இடையே. ‘லெகெரே’ என்றால் பறித்தல், திரட்டுதல், தேர்தல். படிப்பதற்கும் அதே வினைதான். ஆக, பலவற்றுக்கு இடையே வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது. அகராதியில் இதைப் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஒரு தை மாதம், விடுமுறை நாளில், மாணவி ஒருத்தியின் வீட்டுக் காப்பித் தோட்டத்தில் நின்றபோது தோன்றியது. ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். அராபிகா எல்லாம் ஒருசேரப் பழுக்காது. பழுத்ததை மட்டும் பறித்து, காயை விட்டுவைத்து, சில நாள் கழித்து மறுபடி வர வேண்டும். பச்சை கலந்தால் காப்பியின் ருசி போச்சு. சில்வர் ஓக் நிழலில் அம்மாவுக்கு உதவியாக நின்ற அந்தப் பெண் என்னோடு பேசிக்கொண்டே இருந்தாள். கண் என் மேல், கை கிளைக்குள். கூடையில் விழுந்ததில் ஒரு பச்சைக்காய் இல்லை. கிளைகளுக்கு இடையே கையை விட்டுத் தேர்ந்து பறிப்பது: லத்தீன்காரர் சொன்ன வினை அப்படியே.

தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படியாகப் பிரிப்பார்கள். அந்தப் பதிவேட்டில் அந்தப் பெண் முதல் படியான ‘அரும்பு’. மொட்டுக்கே வரவில்லை.

இந்த லத்தீன் வினைக்குத் தமிழில் நேர் ஜோடி ஒன்று இருக்கிறது: தெரி. ‘எனக்குத் தெரியும்’ என்றால் இன்று அறிந்திருக்கிறேன் என்று பொருள். பழந்தமிழில் ஆராய்வதற்கும் தேர்ந்தெடுப்பதற்கும் அதே சொல். தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று குறளில் மூன்று அதிகாரத் தலைப்புகள் (47, 51, 52). இலங்கைத் தமிழர் இன்றும் தேர்ந்தெடுப்பதைத் ‘தெரிவு’ என்றுதான் சொல்கிறார்கள். தேர்வதும் அறிவதும் ஒரே வினைக்குள் அடங்கியது அங்கேயும் நடந்திருக்கிறது, இங்கேயும் தனியாக நடந்திருக்கிறது. உடனே லத்தீனே தமிழிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம். மனிதர் எங்கும் பழம் பறித்துத்தான் பிழைத்தார்கள், அவ்வளவே. பாடநூலில் இன்டெலிஜென்ஸைத் ‘தெரிவு’ என்று மாற்றச் சொல்லவும் மாட்டேன். இங்கே அது தேர்வு, தேர்தலோடு குழம்பும். ஆனால் சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

அளக்கத் தொடங்கியது பிரான்சில். பள்ளியில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க ஆல்ஃபிரெட் பினேவும் தியோடர் சிமோனும் 1905இல் ஒரு சோதனை வகுத்தார்கள். 1912இல் ஜெர்மானியர் வில்லியம் ஸ்டெர்ன், மன வயதைக் கால வயதால் வகுத்தார். 1916இல் அமெரிக்க உளவியலாளர் டெர்மன் அதை நூறால் பெருக்கினார். வகுத்தால் வருவது ஈவு. அதனால் நம் புத்தகத்தில் ‘நுண்ணறிவு ஈவு’. பத்து வயதுப் பிள்ளைக்கு மன வயது எட்டு என்றால் ஈவு 80. உதவி செய்ய வேண்டியவர் யார் என்று பார்க்கச் செய்த கருவி, போகப் போக யாரை ஒதுக்கலாம் என்று பார்க்கிற கருவி ஆனது. பிள்ளையின் அறிவு மாறாத ஒன்று என்று நினைக்கக் கூடாது என்பதைப் பினே எச்சரித்தே இருந்தார். அதை யாரும் கூடவே எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஹார்வர்டு உளவியலாளர் ஹோவர்ட் கார்டனர் 1983இல் எழுப்பிய கேள்வி, இப்படி அளக்கிற அறிவு ஒன்றுதானா என்பது. மூளையில் அடிபட்டுப் பேச்சு போனவருக்குப் பாட்டு மட்டும் தங்கியிருப்பதுண்டு. அப்படியானால் இரண்டும் வேறு வேறு அல்லவா? மொழி, தருக்கம்-கணக்கு, இடம், உடல் இயக்கம், இசை, பிறரை அறிதல், தன்னை அறிதல் என ஏழு வகை சொன்னார். செடிகொடி, உயிரினங்களை இனம்பிரித்து அறியும் எட்டாவதைப் பிறகு சேர்த்தார். இவற்றைத் ‘திறமைகள்’ என்று அழைத்திருந்தால் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள். வேண்டுமென்றேதான் இன்டெலிஜென்ஸ் என்ற நாற்காலியில் ஏழு வகையையும் உட்கார வைத்தார்.

இங்கேதான் ‘பன்முக நுண்ணறிவு’ என்ற பெயர்ப்பு சறுக்குகிறது. பன்முகம் என்றால் ஆள் ஒருவர், முகம் பல. ஆறுமுகன் மாதிரி. கார்டனர் சொன்னது அதற்கு நேர் எதிர்: ஆள்களே வேறு வேறு. எல்லாத் திறனுக்கும் அடியில் பொதுவான ஒன்று ஓடுகிறது என்று 1904இல் சொன்ன ஆங்கிலேய உளவியலாளர் ஸ்பியர்மன் கட்சிக்குத்தான் பன்முகம் பொருந்தும். ஆகவே ‘பல்வகை’ என்பதே சரி. ‘நுண்’ பாராட்டுச் சொல், அளவுக்கு ஒட்டாது என்று மேலே சொல்லிவிட்டேன். ‘அறிதிறன்’ நல்ல சொல்தான். ஆனால் அதைச் சிலர் கைப்பேசிக்கு ஒட்டி ‘அறிதிறன்பேசி’ ஆக்கிவிட்டார்கள். மிஞ்சுவது அறிவுத்திறன். என் கணக்கில் சரியான தமிழ் ‘பல்வகை அறிவுத்திறன்’.

அறிவை எண்ணிச் சொல்வது தொல்காப்பியத்திலேயே இருக்கிறதே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ‘புல்லும் மரனும் ஓரறிவினவே’ என்று தொடங்கி ஆறறிவு வரை மரபியல் எண்ணுகிறது, உண்மை. ஆனால் அது தொடுதல், சுவை, மூக்கு, கண், செவி, மனம் என்று உயிர்களைப் படிவரிசையில் வைப்பது. ஒரே வகுப்பில் இருக்கும் முப்பது ஆறறிவு உயிர்களைப் பற்றி அது பேசவில்லை.

பாடநூலைவிட ஊர்ப்பேச்சு இந்த விஷயத்தில் பணக்காரன். ‘உடலியக்க நுண்ணறிவு’ என்று பயிற்சி ஏட்டில் எழுதியதை எந்த அம்மாவிடமும் சொல்ல முடியாது. ‘கைவாகு’ என்றால் புரியும். மலைக்குக் கீழே சேலத்தில், செவ்வாப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்: அளவுகோல் தொடாமல் ‘கண்ணளவு’ சொல்வார்கள். வலது காலுக்கும் இடது காலுக்கும் பூவேலை எதிரெதிராகத் திரும்ப வேண்டும் என்பதை ஒரு பையன் என்னிடம் கோலம் போட்டுக் காட்டினான். கணக்குப் புத்தகத்தின் சமச்சீர்ப் பாடத்தில் அவன் தோற்றிருந்தான். பாடத்தில் வந்தது வண்ணத்துப்பூச்சி. கொலுசு வந்திருந்தால்? அதே சேலத்தின் அம்மாபேட்டைத் தறி வீடுகளில் பாவு, அதாவது நெடுக்கு இழை, பிணைக்கிறவர் அறுந்த இழையை விரலாலேயே கண்டுபிடிப்பார். அதற்குப் பெயர் கைவாகா, கண்ணளவா என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. தறிக்காரர் யாரும் பிரிப்பதும் இல்லை.

இசைக்குக் ‘கேள்வி ஞானம்’ என்பதைவிட நல்ல பெயர்ப்பு கிடைக்காது. கணக்குக்கு ‘மனக்கணக்கு’. பேச்சுக்கு ‘வாய்ச் சாமர்த்தியம்’. அதில் கொஞ்சம் கேலியும் உண்டு, அதனாலேயே துல்லியம். பிறரை அறிவதற்குக் ‘குறிப்பறிதல்’. அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் (710) இப்படிப் போகிறது: ‘நுண்ணியம் என்பார் அளக்குங்கோல் காணுங்கால் கண்ணல்லது இல்லை பிற.’ நுட்பமானவர் என்று சொல்லிக்கொள்கிறவருக்கு அளவுகோல் கண்தான். அளக்கும் கோல் என்ற சொல்லே அங்கே வந்துவிடுவதைப் பாருங்கள். வினாத்தாள் இல்லை, ஈவு இல்லை. சண்டை வரப்போவதை முன்கூட்டியே மோப்பம் பிடித்து இரண்டு பேரையும் வேறு வேறு பக்கம் இழுத்துப்போகும் பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று இருக்கும். அதற்கு மதிப்பெண் பத்தி கிடையாது.

மலைப் பிள்ளைகளிடம் நான் கற்ற சொல் ‘தடம்’. ஒத்தையடிப் பாதைக்கு இங்கே அதுதான் பேர். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நாளில், பலா, மிளகுக் கொடி, பாறை என்று தொட்டுத் தொட்டு வீடு போய்ச் சேரும் பிள்ளையை ‘தடந்தெரிஞ்சவ’ என்பார்கள். இடம் அறியும் திறனும் செடி அறியும் திறனும் ஒரே சொல்லுக்குள். ‘தெரி’ அங்கேயும் வந்து நிற்கிறது.

வசவிலும் ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம்: மக்கு. மக்குதல் என்றால் இற்றுப்போவது, உரம் ஆவது. காப்பித் தோட்டக்காரருக்கு மக்கிய இலை காசு. வகுப்பறையில் மட்டும் அது திட்டு.

ஓர் எச்சரிக்கை. கார்டனரின் கொள்கையை உளவியலாளர் பலர் ஏற்கவில்லை. ஒரு சோதனையில் நன்றாகச் செய்கிறவர் மற்றவற்றிலும் ஓரளவு நன்றாகவே செய்கிறார் என்பது திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கும் முடிவு. அவர் பிரித்த வகைகள் அத்தனை சுத்தமாகப் பிரிவதில்லை. அதைவிட மோசம், பயிற்சி வகுப்புகளில் இதைக் ‘கற்றல் பாணி’யோடு கலந்து, இவன் பார்த்துக் கற்பவன், அவள் கேட்டுக் கற்பவள் என்று சீட்டு ஒட்டுவது. இரண்டும் ஒன்றல்ல என்று கார்டனரே மறுத்திருக்கிறார். காப்பி பறிக்கும் அந்தப் பெண்ணைக் ‘கைவாகு’ என்று எழுதிவிட்டு வாசிக்கச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால், அவளுக்கு நான் செய்தது பழைய ஈவுக்காரர் செய்ததுதான், பெயர் மட்டும் இனிப்பு. நான் செய்தது வேறு: பழம், காய், கொத்து, கூடை என்று சொல் அட்டைகளை மேசையில் கொட்டி, பழுத்ததை மட்டும் பொறுக்கச் சொன்னேன். ‘ழ’ வரும் அட்டைதான் பழுத்தது என்று விதி வைத்தேன். மார்ச்சில் மொட்டுக்கு வந்தாள். அட்டையாலா, வயது ஏறியதாலா, சொல்ல முடியாது.

அந்த இளம் ஆசிரியர் மறுபடி கூட்டத்துக்கு வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப டெட் பரீட்சையில பல்வகை அறிவுத்திறன்னே எழுதிரலாங்களா சார்?” என்றார். வேண்டாம் என்றேன். டெட் என்பது ஆசிரியர் தகுதித் தேர்வு. அங்கே விடைக்குறிப்பில் இருப்பது பன்முக நுண்ணறிவு.