பட்டாணிக்குப் பக்கத்தில் பார்லி

பட்டாணியோடு பார்லியையோ ஓட்ஸையோ கலந்து விதைப்பது ஐரோப்பிய உழவர்களின் பழைய வழக்கம். இந்தக் கூட்டு ஒரு வயலில் கைகொடுப்பதும் இன்னொரு வயலில் காலை வாருவதும் பெரும்பாலும் மண்ணில் இருக்கும் நைட்ரஜன் என்னும் தழைச்சத்தைப் பொறுத்தது.

ஜெர்மனியின் பெர்ன்பர்க் நகரில் வேளாண் ஆய்வாளர்கள் ஹெல்ரீகல், வில்ஃபார்த் இருவரும் தொட்டி மணலில் இப்பயிர்களை வளர்த்து, 1886-இலும் 1888-இலும் முடிவுகளை வெளியிட்டனர். பார்லியும் ஓட்ஸும் இட்ட நைட்ரேட்டின் (வேர் உறிஞ்சும் நைட்ரஜன் உப்பு) அளவுக்கே வளர்ந்தன. பட்டாணியோ, வேரில் பாக்டீரியா தங்கும் சிறு உருண்டைகளான வேர்முடிச்சு உண்டான தொட்டிகளில் நைட்ரேட் இல்லாமலும் செழித்தது.

நன்கு இயங்கும் வேர்முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் நிறம் அது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுவிடும் என்பதால், இப்புரதம் ஆக்ஸிஜனைக் கட்டுக்குள் வைத்து, முடிச்சினுள் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவின் சுவாசத்துக்குத் தேவையானதை மட்டும் கொடுக்கிறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்கக் குறைந்தது 16 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும்) மூலக்கூறுகள் செலவாவதால், மண்ணில் நைட்ரேட் தாராளமாகக் கிடைக்கும்போது பட்டாணி முடிச்சு வளர்ப்பதையே குறைத்துக்கொள்கிறது. பார்லி அருகில் இருந்தால், அதன் சல்லிவேர்கள் முளைத்த சில வாரங்களிலேயே மண்ணின் நைட்ரேட்டை உறிஞ்சிவிட, பட்டாணி காற்றை நம்பியே வாழ நேர்கிறது. பட்டாணி பார்லிக்கு உரம் ஊட்டுகிறது என்று பலரும் சொல்வது பாதி உண்மைதான். அதே பருவத்தில் கைமாறும் தழைச்சத்து பொதுவாகச் சொற்பமே, பெரும்பங்கு வேரும் தழையும் மட்கிய பிறகு அடுத்த பயிருக்குப் போய்ச் சேர்கிறது.

இயற்கை வேளாண்மையில் தொழுவுரம் மெல்ல மட்கித் தழைச்சத்தைச் சிறுகச் சிறுக விடுவதால், இந்தப் பங்கீடு குலையாமல் நடக்கிறது. அதே வயலில் யூரியாவைத் தாராளமாக இட்டால் பார்லி உயர்ந்து நிழல் கட்டும். முடிச்சும் குறைந்து, வெளிச்சமும் இழந்து, பட்டாணி இரண்டு வகையிலும் தோற்கும். களைக்கொல்லியைப் பயன்படுத்துவோருக்கு வேறொரு சங்கடமும் உண்டு: புல்வகைக் களையைக் கொல்லும் மருந்து பார்லியையும், அகன்ற இலைக் களையைக் கொல்லும் மருந்துகளில் பல பட்டாணியையும் தாக்கும். மருந்தே அடிக்காதவருக்கு இது ஒரு பொருட்டல்ல. பட்டாணி தாமதமாக மூடும் இடைவெளியைப் பார்லி முன்கூட்டியே மூடுவதால் களையும் அடங்குகிறது. தண்டு வலுவில்லாத பட்டாணி பற்றுக்கம்பிகளால் பார்லித் தாளைப் பிடித்து நிற்பதால், மழையில் சாய்ந்து காய் அழுகுவதும் குறைகிறது.

லாபத்தை அளக்க நிலச் சமான விகிதம் என்ற கணக்கு உண்டு. தனிப்பயிரில் கிடைப்பதில் பட்டாணி 60 விழுக்காடும் பார்லி 60 விழுக்காடும் தந்தால் விகிதம் 1.2, அதாவது ஒரு ஏக்கர் கலப்புப் பயிரின் விளைச்சலைத் தனித்தனியாக எடுக்க 1.2 ஏக்கர் வேண்டும். முற்றிய மணிக்காக வளர்ப்பவர் இரண்டையும் ஒன்றாக அறுத்துச் சல்லடையில் பிரித்துவிடலாம். பச்சைக் காய்க்காக வளர்ப்பவரோ, பல முறை கையால் பறித்து, மிஞ்சிய கொடியை ஓட்ஸோடு சேர்த்துப் பசுந்தீவனமாக அறுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.