சம்பளம் யார் கைக்குப் போகிறது?

பிரிட்டனில் குப்பை சேகரிப்பு, மறுசுழற்சித் துறையில் ஆள் எடுப்பதையும் பொருள் வாங்குவதையும் கண்காணிப்பது என் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களிடம் முதலில் 'ஆபரேஷன் ஃபோர்ட்' வழக்கைப் படிக்கச் சொல்வேன்.

இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் காவல்துறை விசாரித்த வழக்கு அது. போலந்தில் வீடில்லாதவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள், குடிப்பழக்கத்தில் சிக்கியவர்கள் என்று தேடிப் பிடித்து, நல்ல வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு கும்பல் அழைத்து வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 400 பேருக்கு மேல் இருக்கலாம் என்று போலீஸ் கணக்கிட்டது. எலி ஓடும் வீடுகளில் நெருக்கியடித்துத் தங்கவைத்து, பண்ணைகளுக்கும் மறுசுழற்சி மையங்களுக்கும் அனுப்பினார்கள். வாரம் முழுக்க உழைத்தவர்களில் சிலர் கையில் கிடைத்தது 20 பவுண்ட். தப்பி வந்த இருவர் 2015-இல் 'ஹோப் ஃபார் ஜஸ்டிஸ்' என்ற தொண்டு நிறுவனத்திடம் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2019-இல் கும்பலைச் சேர்ந்த எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டது தெரியவந்தது.

கொத்தடிமை என்றதும் நமக்குச் செங்கல் சூளையும் அரிசி ஆலையும் நினைவுக்கு வரும். முதலாளியே முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்து வைத்திருப்பார். இங்கே அப்படி இல்லை. அடையாள அட்டை உண்மையானது. வங்கிக் கணக்கு தொழிலாளியின் பெயரில்தான் இருந்தது. சம்பளமும் அதில்தான் விழுந்தது. ஆனால் ஏடிஎம் கார்டு கும்பலிடம். போதாததற்கு, கும்பலில் ஒருவர் ஆள் அனுப்பும் ஏஜென்சியிலேயே வேலை பார்த்தார். 'நாங்கள் சட்டப்படி சம்பளம் கொடுத்தோம்' என்று ஒரு நிறுவனம் மனசாட்சியோடு சொல்லலாம். அப்போதும் குப்பை பிரிக்கும் வரிசையில் நிற்பவர் அடிமையாக இருக்கலாம்.

குப்பைத் துறை ஏன் இந்தக் கும்பல்களுக்கு வசதி? கன்வேயர் பெல்ட்டில் ஓடும் அட்டை, பாட்டில், ஊசி, நாப்கின் எல்லாவற்றையும் கையால் பிரிக்கும் வேலைக்கு உள்ளூர் ஆட்கள் எளிதில் வருவதில்லை. ஏஜென்சி ஆட்கள், இரவு ஷிப்டு, அதிகம் பேச்சில்லாத வேலை, ஆங்கிலம் தேவையில்லை. இன்னொன்று: 2004-இல் இங்கிலாந்தின் மோர்கேம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கிய சீனத் தொழிலாளர்கள் கடலில் மூழ்கி இறந்த பிறகு, ஆள் அனுப்புபவர்களுக்கு உரிமம் கட்டாயமானது. அது விவசாயம், சிப்பி சேகரிப்பு, உணவு பதப்படுத்துதல் ஆகியவற்றுக்கு மட்டும்தான். குப்பை பிரிக்க ஆள் அனுப்ப அந்த உரிமம் தேவையில்லை. இது பெரிய ஓட்டை என்பது என் உறுதியான கருத்து.

பிரிட்டனின் 2015 நவீன அடிமைத்தனச் சட்டத்தின் 54-ஆம் பிரிவுப்படி, ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் பொருள் வாங்கும் இடங்களிலும் அடிமைத்தனம் இல்லாமல் இருக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். 'எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை' என்று எழுதினாலும் அந்தப் பிரிவின்படி அது செல்லும். அதனால் அறிக்கையை நம்பி உட்கார முடியாது.

நான் முதலில் பார்ப்பது ஓர் ஆளுக்கு மணிக்கு இவ்வளவு என்று ஏஜென்சி கேட்கும் விலையை. 2025 ஏப்ரல் கணக்கை எடுத்துக்கொள்வோம். 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்குக் குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 12.21 பவுண்ட். விடுமுறைச் சம்பளம் 12.07 சதவீதம் சேர்த்தால் 13.68. இதற்கு மேல் முதலாளி கட்டும் தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பங்கு, ஏஜென்சியின் லாபம். சரி, அந்த ஆண்டில் ஒருவர் 13.50-க்கு ஆள் தருகிறேன் என்கிறார் என்று வையுங்கள். அந்தக் குறைவு யாரோ ஒருவருடைய கூலியிலிருந்தோ வரியிலிருந்தோதான் வர முடியும். விலை மலிவு என்று கொள்முதல் பிரிவு சந்தோஷப்படும் இடத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அடுத்தது சம்பளப் பட்டியல். முகவரி வாரியாக, பிறகு கைபேசி எண் வாரியாக, வங்கிக் கணக்கு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். இரண்டு படுக்கையறை வீட்டில் ஏழெட்டுப் பேர், நான்கு பேருக்கு ஒரே அவசரத் தொடர்பு எண் என்று வந்தால் அங்கே நின்று விசாரியுங்கள். ஏழைகள் சேர்ந்து தங்குவது குற்றமில்லை, நம்மில் பலரும் அப்படி இருந்துதான் வந்தோம். அதனால் பட்டியலை வைத்து யாரையும் முடிவுகட்டாதீர்கள், பேசிப் பாருங்கள்.

பேசும்போது ஒரு எச்சரிக்கை. ஆங்கிலம் தெரிந்த சக தொழிலாளியை மொழிபெயர்க்க வைப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. நான் போன ஒரு மையத்தில் எந்தக் கேள்வி கேட்டாலும் அந்த மொழிபெயர்க்கும் ஆளே பதில் சொன்னார். வீட்டு முகவரி என்ன என்று நான் கேட்டதற்குக்கூட மற்றவர் அந்த ஆளின் முகத்தைத்தான் பார்த்தார். அன்றிலிருந்து தொலைபேசி வழியே வெளி மொழிபெயர்ப்பாளரை வைத்து, தனி அறையில்தான் பேசுகிறேன். 'உங்கள் கார்டு யாரிடம் இருக்கிறது?', 'இந்த வேலை கிடைக்க யாருக்குப் பணம் கொடுத்தீர்கள்?' இந்த இரண்டு கேள்வியையும் விடுவதில்லை.

இரண்டாவது கேள்வி பொருள் வாங்குவதற்கும் பொருந்தும். குப்பைத் தொழிலாளி போடும் கையுறையும் மேல்சட்டையும் எங்கோ ஒரு தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. மலேசியாவின் டாப் குளோவ் நிறுவனக் கையுறைகள் மீது, கட்டாய உழைப்பு அறிகுறிகளைக் காட்டி 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை இறக்குமதித் தடை போட்டது. தரகருக்குக் கட்டிய பணத்தால் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கடனில் மாட்டியிருந்ததும் அதில் ஒன்று. நிறுவனம் அந்தப் பணத்தைத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. வாங்குபவர் கதவைச் சாத்தினால் பணம் திரும்பி வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சந்தேகம் வலுத்தால் ஏஜென்சியை உடனே நீக்காதீர்கள். நீக்கினால் மறுநாளே அந்த ஆட்களை வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். தொழிலாளர்களைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதாகத் தோன்றும் ஆளிடமும் சத்தம் போட வேண்டாம். பார்த்ததைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு 08000 121 700 என்ற நவீன அடிமைத்தன உதவி எண்ணை அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர எண் 999. உதவி எண்ணில் பெயர் சொல்லாமலும் பேசலாம், மொழிபெயர்ப்பு வசதியும் உண்டு. ஏஜென்சி மூலம் கிடங்கிலோ குப்பை மையத்திலோ வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் அந்த உதவி எண்ணைச் சொல்லி வையுங்கள்.