உட்சரமா, துணைச்சரமா?

நிரலாக்கத்தைத் தமிழில் கற்பிக்கும் பாடங்களில் ‘துணைச்சரங்களை ஒப்பிடுதல்’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஸ்டிரிங் எனப்படும் எழுத்துத் தொடரின், அதாவது சரத்தின், ஒரு பகுதியைக் குறிக்கும் சப்ஸ்டிரிங் என்பதற்கு இந்தத் துணைச்சரமே நிலைத்துவிடுமோ என்ற கவலையால் இதை எழுதுகிறேன். ஒரு சரத்தின் தொடர்ச்சியான பகுதியை எடுத்து, இன்னொரு சரத்தின் பகுதியோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது எளிய செயல். அதை விளக்க வந்த சொல்லே கற்பவரை வேறு திசைக்கு இழுத்துச் செல்கிறது. இதற்குரிய தமிழ்ச் சொல் உட்சரம் என்பதே என் துணிபு.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பில் சிக்கல் ஒன்றுமில்லை. ஸ்டிரிங் என்பது கயிறு, நாண் என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்; வரிசையாக நிற்கும் எழுத்துகளுக்குக் கணினித் துறையில் பெயராயிற்று. சப் என்பது ‘கீழ்’ என்னும் பொருளுடைய இலத்தீன் முன்னொட்டு. பூச்சரம், மணிச்சரம் என்று வழங்கும் தமிழில் முன்னதற்குச் சரம் என்ற பெயர் இயல்பாகப் பொருந்தியது. தொல்லை சப் என்பதில்தான் தொடங்குகிறது.

தமிழில் துணை என்றால் என்ன? உடனிருப்பது, உதவுவது, ஒன்றுக்கு அடுத்த நிலையில் நிற்பது. துணைவேந்தர் வேந்தரின் ஒரு பகுதியல்லர். துணையாறு வெளியிலிருந்து வந்து பேராற்றில் கலப்பது. ‘வந்துவிட்டான்’ என்பதில் விடு என்னும் துணைவினை, வா என்னும் முதல்வினைக்குள் அடங்கியதன்று. அதன் பின்னே வந்து அதற்கு வலுவூட்டுவது. இவை எல்லாவற்றிலும் துணையானது தனக்கென ஓர் இருப்பைக் கொண்டு வெளியே நிற்கிறது. எனவே துணைச்சரம் என்று கேட்டவுடன், முதன்மைச் சரம் ஒன்றும் அதற்கு உதவியாக வேறொரு சரமும் இருப்பதாகவே தமிழறிந்தவர் எண்ணுவார். அந்த எண்ணத்தைத் தவறென்று சொல்ல முடியாது. ஏனெனில், ஒரு சரத்தைத் தலைகீழாக்கும்போது இடைக்கால விளைவைத் தேக்கிவைக்க நிரலர் உருவாக்கிக்கொள்ளும் தற்காலிகச் சரத்துக்குத்தான் துணைச்சரம் என்ற பெயர் உண்மையில் பொருந்தும்.

ஒப்பிடும் செயலை அருகில் சென்று பார்த்தால் பிழை இன்னும் தெளிவாகும். சி என்னும் நிரல்மொழியின் எஸ்டிஆர்என்சிஎம்பி (strncmp) என்னும் செயற்கூறு இரண்டு சரங்களின் தொடக்கத்திலிருந்து, நாம் குறிக்கும் எண்ணிக்கையளவு மட்டும் ஒப்பிட்டு, அவை ஒத்திருந்தால் சுழியத்தைத் திருப்பித் தருகிறது. ஜாவா மொழியின் ரீஜன்மேட்ச்சஸ் (regionMatches), ஒரு சரத்தில் எந்த இடத்திலிருந்து, மற்றதில் எந்த இடத்திலிருந்து, எவ்வளவு நீளம் என்பவற்றைப் பெற்றுக்கொண்டு இடைப்பகுதிகளையும் ஒப்பிடுகிறது. இவ்விரண்டிலும் ஒப்பிடுவதற்கென்று புதிய சரம் எதையும் நாம் வெட்டி எடுத்துத் தருவதில்லை. மூலச் சரம் இருந்தபடியே இருக்க, அதனுள் ஓர் எல்லையை மட்டும் குறிக்கிறோம். எதற்கும் துணையாக எதுவும் வராத இடத்தில் துணை என்ற சொல்லுக்கு என்ன வேலை?

உட்சரம் என்பதற்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம். சரத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ உள்ள பகுதியும், ஏன், முழுச் சரமுமே கூட வரையறைப்படி அதன் சப்ஸ்டிரிங்தான். ‘உள்’ என்றால் இரு முனைகளையும் தொடாத நடுப்பகுதி மட்டும் என்று ஆகிவிடாதா? கணிதம் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டது. சப்செட் என்பதை நம் பாடநூல்கள் உட்கணம் என்கின்றன. ஒவ்வொரு கணமும் தனக்குத் தானே உட்கணம் என்பதைப் பள்ளி மாணவர் தயக்கமின்றி ஏற்கிறார். முழுக் கணத்தை விலக்க வேண்டிய இடத்தில் ‘தகு உட்கணம்’ என்கிறோம். அதே வழியில் ‘தகு உட்சரம்’ என்றும் சொல்லலாம். புணர்ச்சியும் ஒன்றே: உள்ளும் கணமும் சேர்ந்து உட்கணம், உள்ளும் சரமும் சேர்ந்து உட்சரம். கணிதத்தில் பழகிய சொல்லின் உடன்பிறப்பு கையில் இருக்க, கணினிக்கு மட்டும் உறவில்லாத சொல் ஒன்றைப் புனைவது வீண்.

பகுதிச்சரம் என்பாரும் உளர். அது துணைச்சரத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் முற்றுப்பெறாத, பாதியில் நின்ற சரம் என்ற மயக்கத்துக்கு அது இடம் தருகிறது. உபசரம் என்பதோ பொருளைத் தெளிவாக்காமல் முன்னொட்டை மட்டும் மாற்றுகிறது.

இந்தத் தவறுக்கு வேர், சப் என்று கண்ட இடமெல்லாம் துணை என்று எழுதும் வழக்கம். சப்ரொட்டீன் துணைநிரல் ஆவது முற்றிலும் சரி. அது முதன்மை நிரலால் அழைக்கப்பட்டு அதற்காக வேலை செய்கிறது. சப்மரைனை யாரும் துணைக்கடல் என்று சொல்லவில்லை. அது என்ன செய்கிறது என்று பார்த்து நீர்மூழ்கி என்றார்கள். ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்ப்பதற்கு முன், அந்தச் சொல் குறிக்கும் பொருளைப் பார்க்கும் அந்தப் பொறுமையைத்தான் இன்றைய கணினி மொழிபெயர்ப்புகளில் காண முடிவதில்லை.

இதே பொறுமையின்மை, சரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் குறிக்கும் கேரக்டர் என்பதை எங்கும் ‘எழுத்து’ என்று பெயர்ப்பதிலும் தெரிகிறது. ‘தமிழ்’ என்னும் சொல் நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். பைத்தானில் இதன் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்றே விடை வரும். ‘தமிழ்’ என்பது ‘தம’ என்று தொடங்குகிறதா என்று கேட்டால் ஆம் என்கிறது, ‘மி’ என்ற எழுத்தைப் பிளந்துதான் அப்படிச் சொல்கிறது என்ற போதிலும். இக்குறியீடுகளைக் கணினியில் பைட்டுகளாகத் தேக்கிவைக்கும் யுடிஎஃப்-8 முறையில் இச்சொல், குறியீட்டுக்கு மூன்றாக, 15 பைட்டுகள் ஆதலால், சி மொழியில் முதல் ஏழு பைட்டுகளை ஒப்பிடச் சொன்னால் எல்லை இகரக் குறியின் நடுவிலேயே விழும். ஆகவே உட்சரத்தை வரையறுக்கும்போது, எழுத்துகளின் தொடர்ச்சியா, குறியீடுகளின் தொடர்ச்சியா, பைட்டுகளின் தொடர்ச்சியா என்பதைப் பாடம் எழுதுவோர் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.