இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவே கண் என்ன செய்கிறது?

அரசுப் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “டைட்ரேஷன் பரிசோதனையை மாணவர்களுக்காக வீடியோவாக எடுக்கப் போகிறோம். முதலில் ஸ்டோரிபோர்டு வரைந்துகொள்ளச் சொல்கிறார்கள். எனக்குப் படம் வரைய வராது. யார் என்ன பேச வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். அது போதாதா?” போதாது. ஆனால் நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது நம் கண்ணும் மூளையும் இயங்கும் முறையில் இருக்கிறது.

எடுக்கப்போகும் ஒவ்வொரு ஷாட்டையும், அதாவது கேமராவை நிறுத்தாமல் எடுக்கும் ஒவ்வொரு துண்டுக் காட்சியையும், ஒரு கட்டத்துக்குள் வரைந்து வரிசையாக வைப்பதே ஸ்டோரிபோர்டு. 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் நிறுவனத்தில் இவ்வழக்கம் முறையான வடிவம் பெற்றது. விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்த சத்யஜித் ராய், 1955இல் வெளிவந்த தம் முதல் படத்தை வழக்கமான திரைக்கதைப் பிரதி இல்லாமல், சித்திரங்களையும் குறிப்புகளையும் கொண்டே திட்டமிட்டார். வரலாறு இவ்வளவு போதும்; கண்ணுக்கு வருவோம்.

நம் கண் எதிரே இருப்பது அனைத்தையும் ஒரே தெளிவில் பார்ப்பதில்லை. விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழிவு மட்டுமே நுணுக்கமாகப் பார்க்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் மறைக்கும் அளவுதான் அதன் எல்லை. ஆகவே கண் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் விழித்திரையில் விழும் பிம்பம் இழுபட்டுக் கலங்க, மூளை அக்கலக்கத்தை நாம் உணராதபடி அடக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் விழி அசைவது தெளிவாகத் தெரியும். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

துண்டு துண்டாக வரும் பார்வையை ஒன்றாகத் தைத்துக்கொள்ளப் பழகிய இந்த மூளைக்கு, ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடமான ‘கட்’ பெரிய அதிர்ச்சியாக இருப்பதில்லை. 1997இல் டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் காட்டப்பட்ட படத்தில், மேசையிலிருந்து ஒருவர் எழுவார். கட் ஆனதும் தொலைபேசியை எடுப்பவர் வேறொரு நடிகர். பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆள் மாறியதையே கவனிக்கவில்லை. ஆள் மாறியதைப் பொறுத்துக்கொள்ளும் அதே மூளை, திசை மாறினால் தடுமாறுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இந்தத் தடுமாற்றம்தான்.

உங்கள் ஆய்வக மேசையையே எடுத்துக்கொள்வோம். மேற்குப் பக்கம் ஆசிரியை, கிழக்குப் பக்கம் மாணவன், நடுவே, டைட்ரேஷனில் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாயான பியூரெட். கேமரா தெற்கே நின்று வடக்கு நோக்கிப் பார்க்கிறது. திரையில் ஆசிரியை இடப்புறம் இருந்து வலப்புறம் நோக்குவார்; மாணவன் வலப்புறம் இருந்து இடப்புறம் நோக்குவான். தனித்தனியே க்ளோசப் எடுத்தாலும், கேமரா தெற்கிலேயே இருக்கும்வரை இத்திசைகள் மாறுவதில்லை. மாணவனின் க்ளோசப்புக்கு மட்டும், சன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று கேமராவை வடக்கே கொண்டுபோகிறீர்கள் என்று வையுங்கள். இப்போது மேற்கு திரையின் வலப்பக்கமாகிவிட்டது. மாணவனும் வலப்புறம் நோக்குகிறான். இரண்டு ஷாட்டுகளையும் அடுத்தடுத்து ஒட்டினால், எதிரெதிரே அமர்ந்து பேசும் இருவர், ஒரே பக்கம் திரும்பி மூன்றாவதாக ஏதோ ஒன்றைப் பார்ப்பவர்களாகிவிடுகிறார்கள். இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைத் தாண்டாதே என்று ஒளிப்பதிவாளர்கள் சொல்லும் 180 டிகிரி விதி இதுதான்.

ஏன் இப்படி? ஒரு முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் நம் கவனமும் தானாகவே நகர்கிறது. 1998இல் ஃப்ரீசன், கிங்ஸ்டோன் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தபோது, முகத்தின் பார்வைத் திசைக்கும் அடுத்து வரும் குறி தோன்றும் இடத்துக்கும் தொடர்பில்லை என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தும், முகம் பார்த்த பக்கத்தில் குறி தோன்றினால் மக்கள் அதை விரைவாகக் கண்டார்கள். அவர்கள் பயன்படுத்திய முகம் புகைப்படம் அல்ல. ஒரு வட்டம், இரண்டு கண்கள், சிறு மூக்கு, ஒரு வாய், அவ்வளவே கொண்ட கோட்டுச்சித்திரம். மூளையின் கவனத்தைத் திருப்ப அந்த வட்டமே போதுமென்றால், உங்கள் ஸ்டோரிபோர்டுக்கும் அதுவே போதும்.

எழுதிவைத்த பிரதியில் இது புலப்படாது. “ஆசிரியை விளக்குகிறார், மாணவன் கவனிக்கிறான்” என்ற வாக்கியத்தில் இடமும் இல்லை, வலமும் இல்லை. இரண்டு கட்டங்களை அருகருகே வரைந்தால், இரண்டு மூக்குகளும் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது உடனே கண்ணில் படும். ஸ்டோரிபோர்டின் உண்மையான பயன், ஒவ்வொரு கட்டத்தின் அழகிலும் இல்லை. இரண்டு கட்டங்களின் இணைப்பைக் கேமரா வருவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க முடிவதில்தான் இருக்கிறது.

எட்டு சென்டிமீட்டர் அகலம், நாலரை சென்டிமீட்டர் உயரத்தில் கட்டங்களை வெட்டிக்கொள்ளுங்கள். அது 16:9 என்ற வீடியோ விகிதம். ஒவ்வொன்றின் பின்புறமும், மேசையை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, கேமராவை ஓர் அம்புக்குறியாகப் போடுங்கள். பிறகு, ஷாட் முடியும் நொடியில் பார்ப்பவரின் கண் எங்கே நிற்கும் என்று ஊகித்து, ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். பியூரெட்டின் குழாயிலிருந்து சொட்டு விழும் ஷாட்டில் அப்புள்ளி கீழே இருக்கும். அடுத்த ஷாட்டில் கூம்புக் குடுவையும் கீழ்ப்பகுதியிலேயே இருந்தால், கண் நகர வேண்டியதே இல்லை. குடுவையை மேல் மூலையில் வைத்தீர்களானால், கண் அதைத் தேடித் தாவத் தொடங்கவே ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அது ஐந்து ஃபிரேம். ஒரே சொட்டில் நிறமற்ற கரைசல் இளஞ்சிவப்பாக மாறும் பினாப்தலீன் நிறங்காட்டிப் பாடத்தில், அந்த ஐந்து ஃபிரேமும் விலைமதிப்புடையவை.

பல இடங்களில் படப்பிடிப்பைத் தொடங்க நல்ல நேரம் குறிக்கிறார்கள். இருக்கும் பணத்தைக் கேமராவுக்கே கொடுத்துவிடுகிறார்கள். தவறான பக்கத்தில் நிற்கும் கேமராவை எந்த முகூர்த்தமும் திருத்தாது. படப்பிடிப்புக்கு முன் அரை நாளைக் காகிதத்துக்கும் பென்சிலுக்கும் ஒதுக்குங்கள். 2019 முதல் தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி இயங்கிவருகிறது. இத்தகைய பாடங்களைப் பார்க்கும் நம் மாணவர்களின் கண் திரையில் எங்கெங்கே நிற்கிறது என்று அளக்கும் ஆய்வுகளுக்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வடக்குச் சன்னலின் வெளிச்சத்தை விட முடியவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. ஆசிரியையின் க்ளோசப்புக்கும் மாணவனின் க்ளோசப்புக்கும் இடையே, பியூரெட்டின் திரவ மட்டத்தை மட்டும் காட்டும் ஒரு கட்டத்தைச் செருகுங்கள். பியூரெட்டுக்குப் பார்வைத் திசை ஏதும் இல்லாததால், முந்தைய திசையை மூளை இறுகப் பிடித்துக்கொண்டிருக்காது. அடுத்த ஷாட்டிலேயே இருவரையும் சேர்த்துக் காட்டிவிட்டால், யார் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதை அது புதிதாகக் கணக்கிட்டுக்கொள்ளும்.