தாத்தாவின் ரேடியோவைச் செருகிப் பார்க்காதீர்கள், கார்டுகளைப் பிரித்து விற்காதீர்கள்

டர்பனில் பழைய ரேடியோ பழுது பார்க்கிறவனுக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகியிருப்பார், பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒழிக்கத் தொடங்கியிருப்பார்கள், கராஜின் மூலையில் சாம்பல் நிறத்தில் கனத்த இரும்புப் பெட்டி ஒன்றும் பக்கத்தில் ஷூ பெட்டி நிறைய, ரேடியோவில் பேசியதற்கோ கேட்டதற்கோ அத்தாட்சியாகத் தபாலில் வந்த கார்டுகளும் அகப்பட்டிருக்கும். "சும்மா செருகிப் பார்த்தோம் அங்கிள், 'டப்'புன்னு ஒரு சத்தம், அப்புறம் புகை." இந்தப் போனை அந்தச் செருகலுக்கு முன்னால் செய்திருக்கக் கூடாதா என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றும்.

நாற்பது ஐம்பது வருஷம் சும்மா கிடந்த வால்வு செட்டில் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் உள்ள ரேடியோவில்) முதலில் கெட்டுப்போவது கெப்பாசிட்டர்கள், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள். எலக்ட்ரோலிட்டிக் வகையில் அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும், அதுதான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது. பல வருஷம் மின்சாரமே படாமல் கிடந்தால் அந்தப் படலம் பலவீனமாகிவிடும். ஒரேயடியாக முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் கெப்பாசிட்டர் சூடாகி வெடிக்கும், வெடிக்காவிட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி பவர் டிரான்ஸ்பார்மரையும் கூடவே எரித்துவிடும். கெப்பாசிட்டரை மாற்றிவிடலாம், சில ரான்டுதான் ஆகும். அந்த டிரான்ஸ்பார்மருக்கு எங்கே போவது? காகித வகைக் கெப்பாசிட்டர்கள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் ஊர்க் கடற்காற்றில் சொல்லவே வேண்டாம். அதனால்தான் எங்கள் தொழிலில் கெப்பாசிட்டர்களைச் சோதித்த பிறகுகூட வேரியாக் என்ற, வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் கருவியை வைத்து அதை மெல்ல மெல்ல ஏற்றுவோம், அல்லது பழைய இழை பல்பு ஒன்றைத் தொடரில் கட்டி, அது பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று உடனே நிறுத்துவோம். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

அமெரிக்க செட்களை, ஹாலிகிராஃப்டர்ஸ், நேஷனல், காலின்ஸ் மாதிரியானவற்றை, இன்னும் கவனமாகப் பாருங்கள். பல செட்கள் 117 வோல்ட்டுக்குச் செய்தவை, நம் சுவரில் இருப்பது 230. பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் நம் ஊர் மூன்று முனை பிளக்கை மாட்டிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. இன்னொரு வகை, டிரான்ஸ்பார்மரே இல்லாத ஏசி-டிசி செட்கள். இவற்றில் உலோகச் சட்டம் நேராக மெயின்ஸின் ஒரு கம்பியோடு சேர்ந்திருக்கக்கூடும். இரண்டே கம்பி உள்ள பழைய வயரில் யாரோ எப்போதோ எதை எங்கே கட்டினார்களோ, அதைப் பொறுத்து நீங்கள் தொடும் திருகாணியிலேயே 230 வோல்ட் இருக்கும். சில செட்களின் மின்வயரே ரெசிஸ்டராக வேலை செய்யும், தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே கல்நார். நீளமாக இருக்கிறதே என்று அதை வெட்டிவிடாதீர்கள், வெட்டினால் வால்வுகளுக்குப் போகும் மின்னோட்டம் கூடிவிடும்.

ஆஃப் செய்தால் ஆபத்து போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். 1970களில் வந்த, யேசு (Yaesu) என்ற ஜப்பானியக் கம்பெனியின் எஃப்டி-101 வெளியே பார்த்தால் டிரான்சிஸ்டர் செட் மாதிரி தெரியும், ஆனால் கடைசி வால்வுகளுக்குச் சுமார் 600 வோல்ட் போகிறது. அனுப்பும் சிக்னலின் சக்தியைக் கூட்டும் லீனியர் ஆம்ப்ளிஃபையர் என்றால் 2000, 3000 என்று போகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். ஸ்குரூடிரைவரை வைத்து ஷார்ட் பண்ணுவதை யூடியூபில் பார்த்துவிட்டுச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஏசியை டிசியாக்கும் செலினியம் ரெக்டிஃபையர் எரிந்தால் வரும் நாற்றம் விஷம். 866 என்று எழுதிய பெரிய வால்வில் பாதரசம் உண்டு. ராணுவ செட்களின் மீட்டரில் மங்கிய மஞ்சள் பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம், சுரண்டாதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரை, அதாவது சிக்னல் அனுப்பும் செட்டை, இயக்க மட்டுமல்ல, வைத்திருக்கவும் தென்னாப்பிரிக்காவில் லைசென்ஸ் வேண்டும், இது இகாசா என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் வருகிறது. லைசென்ஸ் உள்ளவரிடம் முறையாகக் கைமாற்றுங்கள்.

சரி, கார்டுகளுக்கு வருவோம், எனக்குப் பிடித்தது இதுதான்.

கியூஎஸ்எல் கார்டு என்பது இரண்டு ஹாம் ரேடியோ நிலையங்கள், அதாவது பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசுகிறவர்கள், பேசிக்கொண்டதற்கான அத்தாட்சி: தேதி, நேரம், அலைவரிசை, சிக்னல் எப்படி இருந்தது, எல்லாம் அதில் இருக்கும். 1937இல் அமெரிக்க ஹாம் ரேடியோ சங்கம் 100 நாடுகளோடு பேசியவர்களுக்கான விருதைத் தொடங்கிய பிறகு இதற்கு மதிப்பு இன்னும் கூடியது. ஒரு கட்டை எடுத்து தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். 1957, 58இல் சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருந்தன, குறைந்த சக்தியிலேயே 28 மெகாஹெர்ட்ஸில் உலகம் முழுக்கக் கேட்ட காலம், அந்த வருஷக் கார்டுகள் தடிமனாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு நிலையத்துக்கும் கொடுத்த அடையாள எழுத்துகளான கால்சைன்களில் பழைய வரைபடமே இருக்கும். இசட்எஸ்5 நம் நேட்டால். இசட்எஸ்3 அன்றைக்குத் தென்மேற்கு ஆப்பிரிக்கா, இன்றைய நமீபியா. இசட்எஸ்7 சுவாசிலாந்து, இசட்எஸ்8 பசுட்டோலாந்து (இன்றைய லெசோத்தோ), இசட்எஸ்9 பெச்சுவானாலாந்து (இன்றைய போட்ஸ்வானா). சிஆர்7 போர்ச்சுகீசிய மொசாம்பிக், விகியூ8 சுதந்திரத்துக்கு முந்தைய மொரிஷியஸ், விஎஸ்7 பழைய சிலோன். தெற்குக் கடலில் தனியாகக் கிடக்கும் மேரியன் தீவின் இசட்எஸ்2எம்ஐ கார்டு கிடைத்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள்!

நம் வீடுகளில், என் மேசைக்கு வருகிற பெட்டிகளை வைத்துச் சொல்கிறேன், பேசியவர்களைவிடக் கேட்டவர்களே அதிகம். 1976 வரை இந்த நாட்டில் டிவி கிடையாது, இந்தியர்களான நமக்கென்று ரேடியோ லோட்டஸ் நிலையம் வந்தது 1983இல்தான். அதுவரை இரவில் சிற்றலையில் இந்தியாவையும் இலங்கையையும் தேடிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்த ஆட்கள், கேட்டதை எழுதி நிலையத்துக்கு அனுப்பிக் கார்டு வாங்கியிருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாத தாத்தாவிடம் கார்டு எப்படி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஸ்டாம்புக்காரர்கள் வந்தால் முதலில் ஸ்டாம்பைத்தான் நனைத்து எடுப்பார்கள். விடாதீர்கள். அரிதான பத்துக் கார்டுகளை மட்டும் நல்ல விலைக்குக் கேட்பவருக்கும் அதே பதில்தான், ஏனென்றால் யாரோடு எப்போது பேசினார் என்று குறித்து வைத்த லாக் புத்தகமும் கார்டுகளும் சேர்ந்திருந்தால்தான் ஒரு நிலையத்தின் வரலாறு. ரப்பர் பேண்ட், செலோடேப், லேமினேஷன், ஒட்டும் ஆல்பம், பிவிசி உறை, எதுவும் ஆகாது. பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது. மேலே பேனாவால் திருத்தவோ எழுதவோ கூடாது, திருத்தல் உள்ள கார்டை விருதுக்கு ஏற்கவே மாட்டார்கள். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, மூடியுள்ள பெட்டியில் காய்ந்த இடத்தில் வையுங்கள், ஃபிஷ்மாத் பூச்சிக்குக் காகிதம் என்றால் உயிர்.

வைத்துக்கொள்ள இடமில்லையா? தென்னாப்பிரிக்கப் பழங்கால வயர்லெஸ் சங்கத்தில் வால்வு செட்களை இன்றும் உயிரோடு வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். வியன்னாவில் உள்ள ஆவணக்காப்பகம் ஒன்று கார்டுகளையே லட்சக்கணக்கில் சேர்த்து வைக்கிறது. 1925இல் தொடங்கிய, ஹாம் ரேடியோக்காரர்களின் சங்கமான தென்னாப்பிரிக்க ரேடியோ லீக்குக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கார்டுகள் கட்டுக்கட்டாகச் சங்கங்கள் வழியே மெதுவாக வருபவை, இறந்தவர் பெயருக்கு இன்னும் சில அங்கே கிடக்கலாம்.

ஃபேஸ்புக்கில் படம் போடுவதாக இருந்தால் கார்டில் உள்ள வீட்டு முகவரியை மறைத்துவிட்டுப் போடுங்கள், அனுப்பியவர் இன்னும் அதே வீட்டில் இருக்கக்கூடும்.